டி.இ.எஸ். மருந்து: பாதிக்கப்பட்டோர் அமைப்புகளும் நெடுநாள் ஆய்வும்

டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால் (டி.இ.எஸ்.) என்பது 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன். காப்புரிமை எதுவும் இல்லாததால் பல நிறுவனங்கள் அதை மலிவாகத் தயாரித்து விற்றன. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, 1940களிலிருந்து 1970கள் வரை அமெரிக்கா, பிரான்சு, நெதர்லாந்து முதலிய நாடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் மட்டும் தாய்மாரும் பிள்ளைகளுமாக 50 லட்சம் முதல் 1 கோடிப் பேர் வரை இதற்கு ஆளானதாக மதிப்பீடு உண்டு. இம்மருந்தால் கருச்சிதைவு குறையவில்லை என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் டீக்மன் நடத்திய ஆய்வு 1953லேயே காட்டிவிட்டது. அதன் பிறகும் மருத்துவர்கள் ஏறத்தாழ 18 ஆண்டுகள் இதை எழுதிக் கொடுத்தது மன்னிக்க முடியாதது.

1960களின் பிற்பகுதியில் பாஸ்டனில், இளம்பெண்கள் சிலருக்கு யோனியில் கிளியர் செல் அடினோகார்சினோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. அவர்களுள் ஒருத்தியின் தாய், தான் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட மாத்திரை காரணமாக இருக்குமோ என்று மருத்துவர் ஹோவர்ட் உல்ஃபெல்டரிடம் கேட்டார். அந்தக் கேள்வியைத் தள்ளிவிடாமல் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், உல்ஃபெல்டர், டேவிட் போஸ்கான்சர் மூவரும் விசாரித்தனர். நோயுற்ற 8 பேரில் 7 பேரின் தாய்மார் டி.இ.எஸ். உட்கொண்டிருந்தனர். 1971 ஏப்ரலில் இது வெளியானது. அதே ஆண்டு நவம்பரில், கர்ப்பிணிகளுக்கு இதைத் தரக்கூடாதென அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

ஆனால் யார் யார் இந்த மருந்துக்கு ஆளானவர்கள் என்று கண்டறிய வழியில்லை. பழைய மருத்துவக் குறிப்புகள் பல அழிந்திருந்தன. சில தாய்மாருக்குச் சத்து மாத்திரையோடு சேர்த்தே மருந்து தரப்பட்டிருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் புத்தகக் கடை நடத்திய பேட் கோடி, தானும் இதை உட்கொண்ட தாய். 1970களின் நடுவில் அவர் முன்னின்று தொடங்கிய குழு 'டி.இ.எஸ். ஆக்‌ஷன்' அமைப்பாக வளர்ந்தது. தாய்மார் குற்ற உணர்வில் வாய் திறக்கத் தயங்கிய காலம் அது. மகளிடம் உண்மையைச் சொல்லவும், எந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டுமென்று அறியவும் அமைப்பு துணை நின்றது. அப்பரிசோதனையில் யோனிச் சுவரில் அயோடின் கரைசலைத் தடவுவார்கள். இயல்பான திசு பழுப்பாக மாறும், டி.இ.எஸ். பாதிப்பால் சுரப்பித் திசு வளர்ந்திருக்கும் இடம் நிறம் ஏறாமல் நிற்கும்.

இவ்வமைப்புகளின் வலியுறுத்தலும் சேர்ந்து 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் டி.இ.எஸ். ஆய்வுக்கும் விழிப்புணர்வுக்கும் தனிச் சட்டம் இயற்றியது. தேசியப் புற்றுநோய் நிறுவனம் பழைய ஆய்வுகளில் இருந்தவர்களை ஒருங்கிணைத்துத் தொடர்ந்து கண்காணித்தது. 2011இல் வந்த முடிவு, மருந்துக்கு ஆளான 4,653 பெண்களை ஆளாகாத 1,927 பெண்களோடு ஒப்பிட்டது. கருவுறாமை 33 விழுக்காடு, மற்றவர்களிடம் 15.5, குறைப்பிரசவம் 53, மற்றவர்களிடம் 18. கருப்பைக்கு வெளியே கரு தங்குவதும் பன்மடங்கு அதிகம். 40 வயதுக்கு மேல் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பும் கூடியிருந்தது.

நெதர்லாந்தில் 12,091 டி.இ.எஸ். மகள்களைத் தொடர்ந்த ஆய்வு, மார்பகப் புற்றுநோய் அதிகரித்ததாகக் காணவில்லை. பிரான்சில் 1994இல் தோன்றிய 'ரெசோ டி.இ.எஸ். பிரான்ஸ்' அமைப்பு, 2013இல் ஆய்வாளர்களோடு சேர்ந்து வினாத்தாள் வழி நடத்திய ஆய்வில் ஏறத்தாழ இருமடங்கு வாய்ப்பு தெரிந்தது. நோய் வந்தவர்களே ஆர்வமாகப் பதிலளிப்பார்கள் என்பதால், தன்னார்வலர்களைக் கொண்ட ஆய்வில் பாதிப்பு மிகையாகத் தெரியக்கூடும். அதற்காக அதை ஒதுக்குவது சரியன்று. மருத்துவக் குறிப்பு அழிந்துபோனவர்களை வேறு எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது.

பேரப்பிள்ளைகள் பற்றிய ஆய்வு இன்னும் முடிவுக்கு வரவில்லை. டி.இ.எஸ். மகள்களின் ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துளை இடம் மாறி அமையும் பிறவிக் குறை அதிகம் என்று 2002இல் ஒரு டச்சு ஆய்வு சொன்னது. பிந்தைய சில ஆய்வுகளில் அந்த வேறுபாடு குறைவாகவே இருந்தது. பேத்திகளின் மாதவிடாய் ஒழுங்கு, கருவுறும் திறன் ஆகியவையும் ஆராயப்படுகின்றன.