வரி கூடினால் ஊர் காலியாகுமா?



"வரியை இப்படி ஏத்திக்கிட்டே போனா இந்த ராஜ்யத்திலே யாருங்க குடியிருப்பாங்க? இருக்கிறதை வித்துப்போட்டுப் பக்கத்து ராஜ்யத்துக்குப் போயிர வேண்டியதுதான்!" இந்தப் பேச்சைச் சந்தையிலும் டீக்கடையிலும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீங்களே ஒருநாள் சொல்லியும் இருப்பீர்கள். வெறும் கோபப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. வரி தாங்காமல் குடிகள் ஊரை விட்டுப் போனது நம் நாட்டில் உண்மையாகவே நடந்திருக்கிறது. ஆனால் எப்போது போனார்கள், எப்போது போகவில்லை, யார் போனார்கள், யாரால் போக முடியவில்லை என்று பார்த்தால்தான் இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று தெரியும். நம் கொங்கு நாட்டுக் கதையையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

நிலம் நிறைய, ஆள் கொஞ்சம்

அந்தக் காலத்தில் நிலத்துக்குப் பஞ்சம் இல்லை. உழுகிற ஆளுக்குத்தான் பஞ்சம். ஒரு குடியானவனிடம் இருந்த பெரிய சொத்து ஒரு ஜோடி எருதும், ஏரும், விதைத் தானியமும்தான். அவற்றை ஓட்டிக்கொண்டு இரவோடு இரவாக அடுத்த சீமைக்குப் போனால், அங்கே இருக்கிற பாளையக்காரரோ அதிகாரியோ "வா அப்பா, காடு இருக்கிறது, உழுதுகொள், இரண்டு வருஷம் தீர்வை வேண்டாம்" என்று வரவேற்பார். ஆள் இல்லாத நிலம் அவருக்கு என்ன வருமானம் தரும்?

விஜயநகர அரசர் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள், வரி தாங்காமல் குடிகள் வெளியேறிய செய்தியும், அவர்களைத் திருப்பி அழைக்க வரியைத் தள்ளிக்கொடுத்த செய்தியும் அவற்றில் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஓடாமல் நின்று எதிர்த்தவர்களும் உண்டு. 1429ஆம் ஆண்டில் காவிரிப் பகுதியில் வலங்கை 98, இடங்கை 98 என்று சொல்லப்பட்ட இனத்தார் எல்லாம் ஒன்றுகூடினார்கள். அநியாய வரி கொடுப்பதில்லை, இன்ன நிலத்துக்கு இன்ன வரிதான் என்று முடிவு செய்து கல்லிலே வெட்டி வைத்தார்கள். திருவைகாவூரிலும் கொருக்கையிலும் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

ஆக, குடியானவனிடம் இரண்டு ஆயுதம் இருந்தது. ஒன்று கால், இன்னொன்று வாய். ஒன்று, ஊரை விட்டுப் போவது. இல்லாவிட்டால், ஒன்றுகூடி நின்று பேசுவது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொல்லப்போகிற கதை முழுவதும் இந்த இரண்டைப் பற்றியதுதான்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

1792இல் திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயக் கம்பெனிக்கும் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும், கம்பெனிக்குப் போய்விட்டன. கோயமுத்தூர், ஈரோடு, பவானி எல்லாம் திப்புவிடமே இருந்தன. 1799 வரை ஏழு வருஷம் காவிரியின் ஒரு கரையில் ஒரு சர்க்கார், மறு கரையில் இன்னொரு சர்க்கார். பரிசல் ஏறினால் ராஜ்யம் மாறிவிடும்!

அப்போது பாராமகாலை நிர்வகித்தவர் கர்னல் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாகத் தருமபுரியில் இருந்தவர்தான் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, வயல் வயலாகத் தீர்வை போட்டார்கள். 1796இல் ரீட் ஒரு விளம்பரம் வெளியிட்டார். குடியானவன் வருஷா வருஷம் தனக்கு வேண்டிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம், எடுத்ததற்கு மட்டும் தீர்வை கட்டினால் போதும் என்பது அதன் சாரம். இதுதான் நாம் ரயத்துவாரி என்று சொல்கிற முறையின் வித்து. நிலம் ஏராளமாகக் கிடந்தது, உழ ஆள் இல்லை. கட்டிப்போட்டால் அவிழ்த்துக்கொண்டு போய்விடுவான் என்று சர்க்காருக்குத் தெரிந்திருந்தது. குடியானவனின் கால்தான் அந்தச் சட்டத்தை எழுத வைத்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

பிறகு சேலம் பக்கம் "மிட்டா" என்று ஊர்களை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. 1820இல் மன்றோ கவர்னரானதும் ரயத்துவாரி முறையே நிலைத்தது.

ஆனால் முறை நல்லது என்பதால் தீர்வை குறைந்துவிடவில்லை. விளைச்சலில் பெரும்பங்கைத் தீர்வையே தின்றது. வசூலுக்கு வந்தவர்கள் செய்த கொடுமையும் கொஞ்சமல்ல. விரல்களைக் கட்டைக்கு நடுவே வைத்து நெருக்கும் "கிட்டி", முதுகை வளைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டும் "அனந்தால்" என்று, தீர்வை கட்டாதவர்களை வதைத்தார்கள். இவற்றை விசாரிக்க அரசே ஒரு கமிஷன் போட்டது. இந்தக் கொடுமைகள் நடந்தது உண்மை என்று 1855இல் அந்தக் கமிஷன் எழுதி வைத்தது.

கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

இங்கேதான் நம் கோவைச் சீமையின் கதை வேறு பக்கம் திரும்புகிறது. தஞ்சாவூரில் ஆறு பாய்கிறது. நமக்கு மழை குறைவு. பாறையை உடைத்துக் கிணறு வெட்டினால்தான் வெள்ளாமை. ஒரு கிணறு வெட்ட ஒரு குடும்பம் பல வருஷம் பாடுபடும். மருந்து வைத்து உடைத்து, மண்ணைச் சுமந்து, கவலை கட்டி, சால் இறைத்துக் காட்டைத் தோட்டமாக்குவார்கள். அப்படித் தோட்டமானதும் சர்க்கார் என்ன செய்தது? புஞ்சைத் தீர்வையை விட்டுத் தோட்டத் தீர்வை என்று கூடுதலாகக் கேட்டது. வியர்வைக்கே வரி!

இப்போது யோசித்துப் பாருங்கள். எருதை ஓட்டிக்கொண்டு போகலாம். ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு போகலாம். கிணற்றை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? தோட்டக்காரன் ஊரை விட்டுப் போகவில்லை, போகவும் முடியவில்லை. ஆனால் வேறொன்று நடக்கும். அடுத்த கிணற்றை வெட்டமாட்டான். இருக்கிற கிணற்றையும் ஆழப்படுத்தமாட்டான். ஊர் ஜனக் கணக்கில் ஒரு ஆள் குறையாது. வெள்ளாமைக் கணக்கில் மட்டும் குறையும். இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் சர்க்காருக்குப் புத்தி வந்தது. சொந்தச் செலவில் வெட்டுகிற கிணற்றுக்காகத் தீர்வையை ஏற்றுவதில்லை என்ற கொள்கைக்கு வந்தார்கள். அதன் பிறகு நம் பக்கம் கிணறுகள் பெருகி, கோவைச் சீமை என்றாலே கிணற்றுத் தோட்டம் என்று பெயராயிற்று.

ஆளைவிடச் சரக்கு வேகமாக ஓடும்

இன்னொரு சங்கதியும் உண்டு. கோவைப் புகையிலைக்கு மலையாளத்தில் நல்ல கிராக்கி. கம்பெனி சர்க்கார் அந்த வியாபாரத்தைத் தன் கையில் ஏகபோகமாக வைத்துக்கொண்டு, இங்கே மலிவாக வாங்கி அங்கே கொள்ளை விலைக்கு விற்றது. என்ன ஆயிற்று? புகையிலை போட்ட குடியானவன் பாலக்காட்டுக்குக் குடிபோகவில்லை. புகையிலைதான் இரவில் கணவாய் வழியாகப் போயிற்று! கள்ளக் கடத்தல் மலிந்தது. கடைசியில் 1853இல் அந்த ஏகபோகத்தையே எடுத்துவிட்டார்கள். தறிக்கும் கைத்தொழிலுக்கும் போட்டிருந்த "மொகதர்பா" வரியும் 1861இல் ஒழிந்தது.

நம் காலத்திலும் இதே கதைதான். விற்பனை வரியைப் பொதுவாக எல்லாச் சரக்குக்கும் முதலில் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம்தான். 1939இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்தது. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது வாளையாறு எல்லையாயிற்று. இரண்டு பக்கமும் இரண்டு வரி விகிதம். உடனே ஜனங்களா எல்லை தாண்டினார்கள்? இல்லை. பில்லும் சரக்கும்தான் தாண்டின. பாண்டிச்சேரியில் வாகன வரி குறைவு என்று அங்கே பதிவு செய்த கார்களை நம் ஊர்த் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். எண் பலகை பாண்டிச்சேரிக்குப் போகும். கார் முதலாளி இங்கேயேதான் இருப்பார். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்து பெரும்பாலான சரக்குகளுக்கு நாடெங்கும் ஒரே வரியானதும், விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் வரிசை கட்டி நிற்பது ஓய்ந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கொள்ளேகாலம் 1956 நவம்பர் வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. பிறகு மைசூர் ராஜ்யத்துக்குப் போய்விட்டது. அங்கே இருந்த குடியானவன் ஒரு அடிகூட எடுத்து வைக்காமலே வேறு ராஜ்யத்துக்கு வரி கட்ட வேண்டியவன் ஆனான்!

அப்படியானால் ஜனங்கள் எதற்காகத்தான் போகிறார்கள்?

பெரும்பாலும் தண்ணீருக்காக, பிழைப்புக்காக, பசிக்காக. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில் நம் சீமையே தத்தளித்தது. 1871ஆம் ஆண்டுக் கணக்கைவிட 1881ஆம் ஆண்டுக் கணக்கில் கோவை மாவட்ட ஜனத்தொகை குறைந்திருந்தது. செத்தவர்கள் போக, பிழைக்கப் போனவர்களும் உண்டு. அவர்களைத் துரத்தியது வானம் பொய்த்தது. பிற்காலத்தில் நம்மவர்கள் அட்டப்பாடிக்கும் கர்நாடகத்துக்கும் போய்க் காடு வாங்கியதும், அங்கே நிலம் மலிவு, தண்ணீர் உண்டு என்பதால்தான். தீர்வை விகிதத்தைப் பார்த்து யாரும் போகவில்லை. மறுபக்கம், 1955இல் பவானிசாகர் அணை முடிந்து, கீழ்பவானி வாய்க்காலில் சுமார் 2 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் வந்தபோது, அந்த நிலத்தை விட்டுவிட்டுப் போக எந்தக் குடியானவனுக்கு மனம் வரும்? அந்த அணையும் ஜனங்களின் வரிப்பணத்தில் எழுந்ததுதானே!

அமெரிக்காவில் வருமான வரியை ஒவ்வொரு மாநிலமும் தனியாகவும் போடும். டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் அந்த வரியே இல்லை. கோடீஸ்வரர்கள் எல்லாம் அங்கே ஓடிவிடுவார்களா என்று கிறிஸ்டோபால் யங் என்ற பேராசிரியரும் அவருடன் சேர்ந்தவர்களும் வரிக் கணக்குகளை வைத்து ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களில் 100க்கு 2.4 பேர்தான் மாநிலம் மாறுகிறார்கள்; பொது ஜனங்களில் 100க்கு 2.9 பேர் மாறுகிறார்கள். பணக்காரனுக்குத் தொழிலும் உறவும் செல்வாக்கும் அந்த ஊரில் வேரோடிக் கிடக்கின்றன. அதற்காக யாருமே போவதில்லை என்றும் சொல்ல முடியாது. கலிபோர்னியா 2012இல் பெரும் வருமானக்காரர்களுக்கு வரியை ஏற்றியபோது, வெளியேறியவர்கள் கொஞ்சம் கூடினார்கள் என்று வேறு ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆக, வரி துரத்துவது உண்டு. ஊரைக் காலி செய்கிற அளவுக்கு இல்லை.

போக முடியாதவனுக்கு வாய்தான் ஆயுதம்

இப்போது நமக்கு வேண்டிய பாடத்துக்கு வருவோம். வரி விகிதம் ஏறும்போது காகிதம் முதலில் நகரும், பிறகு சரக்கு, பிறகு மூலதனம், கடைசியில் மனிதன். மனிதர்களிலும் கடைசியாக நகர்கிறவன் குடியானவன். அதனால்தான் நகர முடியாதவன் தலையில் பாரத்தைச் சுமத்துவது எந்த சர்க்காருக்கும் சுலபமாக இருக்கிறது.

இதை நம் பக்கத்து விவசாயிகள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். 1970இல் பம்புசெட் மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக ஏறியது. மின்கட்டணம் வரி அல்லதான். ஆனாலும் கிணற்றை நம்பியவனுக்கு அது பழைய தோட்டத் தீர்வை மாதிரியேதான் பட்டது. யாரும் மூட்டை கட்டவில்லை. நாராயணசாமி நாயுடு போன்றவர்கள் தலைமையில் கூடினார்கள். அந்த ஜூன் மாதம் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர்விட்டார்கள். கட்டணத்தில் ஒரு பைசா குறைந்தது. 1972இல் மாட்டு வண்டிகளைக் கோவை நகரத்துக்குள் ஓட்டிவந்து தெருக்களை நிறைத்தார்கள். 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தது. அந்தப் போராட்டத்தின் நியாய அநியாயத்தை இன்றும் விவாதிக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம்: அவர்கள் ஊரை விட்டுப் போயிருந்தால் அது நடந்திருக்காது.

ஆகவே, "பக்கத்து ராஜ்யத்தில் வரி குறைச்சலுங்க, காடு வாங்கிக்கலாம்" என்று தரகர் யாராவது வந்து சொன்னால், அவசரப்பட்டுத் தோட்டத்தை விற்றுவிடாதீர்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை. அங்கே கிணற்றில் சித்திரை மாதத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? விளைந்ததை எந்தச் சந்தையில் போடுவீர்கள்? பத்திரமும் பட்டாவும் சுத்தமா? பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள்? ஆபத்துக்கு ஓடிவர யார் இருக்கிறார்கள்? இவற்றை ஒரு தட்டிலும், வரியில் மிச்சமாகும் காசை ஒரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பாருங்கள். எந்தத் தட்டு தாழ்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வரி அதிகம் என்று தோன்றினால், ஏன் அதிகம், எதற்குச் செலவாகிறது என்று கேளுங்கள். கிராம சபையில் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிக் கேட்டவர்கள் நம் முன்னோர்கள். நமக்குக் கேட்க வாய் இருக்கிறது, ஓட்டும் இருக்கிறது.