ஆல்சா வரிசையாக்கி

ஆல்சா வரிசையாக்கி என்பது, மிடி இசைச் செய்திகளை உரிய நேரத்தில் உரிய கருவிக்கோ மென்பொருளுக்கோ சேர்ப்பிக்கும் லினக்ஸ் கருனியின் ஒரு கூறும், அதை நிரலர்கள் கையாள உதவும் சி மொழி நிரலகமும் சேர்ந்த அமைப்பாகும்.

1983-இல் நடைமுறைக்கு வந்த மிடி நெறிமுறை, ஒலியைச் சுமந்து செல்வதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தத்தில் தொடங்கியது, எப்போது முடிந்தது என்பன போன்ற செய்திகளை மட்டுமே 16 தடங்களில் அனுப்புகிறது. சுரங்கள் 0 முதல் 127 வரை எண்ணிடப்பட்டுள்ளன. தமிழ்த் திரையிசையில், 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்திற்கு இளையராஜா, இத்தகைய செய்திகளை நேரப்படி அடுக்கும் கணினிவழி வரிசையாக்கத்தைப் பயன்படுத்தினார்.

லினக்ஸில் ஒலிக்கான முதல் இயக்கிகளைப் பின்லாந்தின் ஹன்னு சவோலைனன் 1992-இல் எழுதினார். அவற்றின் குறைகளைக் களையும் நோக்குடன் செக் நாட்டு நிரலர் யாரொஸ்லாவ் கிசெலா 1998-இல் தொடங்கிய ஆல்சா திட்டம், 2003 டிசம்பரில் வெளியான 2.6 கருனியில் முதன்மை ஒலி அமைப்பாயிற்று.

ஆல்சா நிரலகத்தைக் கொண்டு சுரம் ஒலிக்கச் செய்ய விரும்பும் நிரல், முதலில் வரிசையாக்கியைத் திறந்து, தனக்கென ஒரு வெளியீட்டு முனையை உருவாக்கி, அதை ஒலியெழுப்பும் கருவியின் முனையோடு இணைக்கிறது. பின்னர், சுரத் தொடக்கச் செய்தியையும் முடிவுச் செய்தியையும் உடனே அனுப்பலாம். அல்லது நேரம் குறித்து வரிசையில் இட்டு, உரிய கணத்தில் வழங்கும் பொறுப்பைக் கருனியிடம் விடலாம். இடைத்தாங்கியில் தேங்கும் செய்திகளை வெளியேற்றும் கட்டளை விடுபட்டால் ஒலி எழாது. முடிவுச் செய்தி விடுபட்டால், தானே தேயாத ஒலி இடைவிடாது நீளும்.

வரிசையின் காலம் நுண்கூறுகளாக எண்ணப்படுகிறது. இயல்பாக ஒரு தாள அடிக்கு 96 கூறுகள் உள்ளதால், அடியைச் சமமாகப் பிரிக்கும் நடைகளுள் திசிர நடையின் மூன்றும் சதுசிர நடையின் நான்கும் மீதியின்றிப் பொருந்தினும், கண்டம், மிசிரம், சங்கீர்ணம் ஆகியவற்றின் ஐந்து, ஏழு, ஒன்பது பொருந்துவதில்லை. எனினும் இவ்வெண்ணை நிரலரே மாற்றலாம் என்பதால், 1,260 என அமைத்தால் தமிழிசையின் ஐந்து நடைகளும் முழு எண்களாகவே வகுபடும்.

சுரத்தை அசைத்து இசைக்கும் கமகம், தாளத்தைப்போல் இத்தனை எளிதில் அமைவதன்று. சுருதியை வளைக்கும் மிடி செய்தி 16,384 படிகள் கொண்டதாயினும், ஒரு தடத்தின் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைப்பதால், அசையாத ஆதார சட்சத்தையும் அசையும் காந்தாரத்தையும் தனித்தனித் தடங்களில் இடவேண்டியுள்ளது. 2020-இல் அறிவிக்கப்பட்ட மிடி 2.0 ஒவ்வொரு சுரத்தையும் தனியே வளைக்க இடமளிக்கிறது; 2023-இல் வெளியான 6.5 கருனியில் ஆல்சா வரிசையாக்கியும் அதற்கேற்ப விரிவாக்கப்பட்டது.

தமிழக அரசு 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றதால், அவர்களுக்கும் லினக்ஸ் அறிமுகமாயிற்று. கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் இவ்வரிசையாக்கியில், தாளத்தையும் கமகத்தையும் பிறர் வகுத்த அளவுகளுக்குள் அடக்காமல், தத்தம் இசை மரபுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு நிரல் கற்கும் எவருக்கும் உண்டு.