வால்வு ரேடியோ முதல் கைபேசி வரை: சான்றிதழின் விலையும் அது தரும் உழைப்பும்



சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், மகன போன் திருத்துற கோர்ஸுக்குப் போடலாமா? குடுக்கிற காசு திரும்பி வருமா?" இதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லை. ஆனால் இந்தத் தொழில் நமது பகுதிக்கு வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் பதில் கிடைக்கும். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது. அந்தக் காலத்து ரேடியோ வால்வு ரேடியோ. பெரிய பெட்டி, சூடேறிய பிறகுதான் பாடும். 1947இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு பெட்டி சிறிதாகி, பெட்டரியில் பாடும் ரேடியோ மின்சாரம் போகாத வயல் கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நோன்பு காலத்தில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி கேட்கவேண்டும் என்றால் ரேடியோ வேலை செய்தாக வேண்டும். அதனால் திருத்துகிறவருக்கும் மதிப்பு இருந்தது.

அவர்கள் எங்கே படித்தார்கள்? பெரும்பாலும் கடையில்தான். ஒரு பாஸுக்குப் பக்கத்தில் இருந்து, கடையைக் கூட்டி, தேநீர் வாங்கிக் கொடுத்து, பிறகு ஈயம் பற்றவைக்கப் பழகி, கடைசியில் சேர்கிட்டைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கிற நிலைக்கு வருவார்கள். கட்டணம் என்று எதுவும் இல்லை. ஆனால் அதை இலவசம் என்று சொல்லக்கூடாது. இரண்டு மூன்று வருடம் சம்பளமில்லாமல், அல்லது கைச்செலவுக் காசோடு வேலை செய்வதே அந்தப் படிப்பின் விலை. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கணக்குக்கு உதவும்.

அரசாங்கத்தின் தொழிற்கல்வி வேறு பாதையில் வந்தது. கொழும்பு மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி 1893இல் தொடங்கியது. நமது மாவட்டத்துக்குக் கல்லோயா திட்டத்தோடு அம்பாறை ஹார்டி நிறுவனம் வந்தது. 1971இல் தேசிய பயிலுநர் சட்டம் கொண்டுவரப்பட்டது. இன்று நைட்டா என்று நாம் அழைக்கும் நிறுவனத்தின் வேர் அதுதான். 1972 கல்விச் சீர்திருத்தத்தில் பாடசாலைக்குள்ளேயே தொழில் முன்னிலைப் பாடங்கள் வந்தன. 1977இல் ஆட்சி மாறியதும் அந்த முயற்சி கைவிடப்பட்டது. கைத்தொழில் என்றால் படிப்பு வராத பிள்ளைக்கு என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது.

அந்த 1977 திருத்துநர்களுக்கும் ஒரு திருப்பம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. புதுச் சாமான் கிடைக்காததால் பழையதைத் திருத்தித் திருத்திப் பாவித்தார்கள். பிறகு திறந்த பொருளாதாரம் வந்து ஜப்பான் சாமான்கள் குவிந்தன. 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அதே காலத்தில் நமது ஆட்கள் மத்திய கிழக்குக்குப் போய் கசட் ரேடியோவும் ரீவியும் கொண்டுவந்தார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் கார் பெட்டரியில் ரீவி ஓடியது. கடைகளுக்கு வேலை குறையவில்லை, வேலையின் வகைதான் மாறியது. வால்வு மட்டும் தெரிந்தவர் பின்தங்கினார். சேர்கிட்டின் அடிப்படை தெரிந்தவர் ரீவிக்கும் மாறிக்கொண்டார்.

சான்றிதழுக்கு ஒரு ஒழுங்கு பிறகுதான் வந்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு வழிசெய்தது. 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கான சட்டம் வந்தது. 2000களின் நடுப்பகுதியில் என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்தகைமை வந்தது. அதில் ஏழு மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். இதே காலத்தில்தான் 2004 டிசம்பர் 26 சுனாமி நமது கரையை அழித்தது. அதன் பிறகு உதவி நிறுவனங்கள் குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளையும் நடத்தின. பயிற்சி நல்லதுதான். ஆனால் ஒரு சிறிய ஊரில் ஒரே தொழிலைப் பலர் ஒரே நேரத்தில் தொடங்கினால், வருகிற வாடிக்கையாளரை எல்லோரும் பங்குபோட வேண்டிவரும்.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். கீழே உள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாங்கள் வைத்தவை. உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றுக்குக் கட்டணம் 60,000 ரூபா என்று வைப்போம். சவளக்கடையில் இருந்து கல்முனைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 200 ரூபா, வகுப்பு 125 நாள் என்றால் 25,000. மீற்றர், சோல்டரிங் அயன், ஹொட் எயார் மெஷின் போன்ற ஆயுதங்களுக்கு 40,000. அந்த 125 நாளும் வயலிலோ கடையிலோ கையாளாக நின்றிருந்தால் ஒரு நாளைக்கு 1,000 ரூபாப்படி 125,000 கிடைத்திருக்கும். மொத்தம் 250,000. கட்டணம் அதில் கால்வாசியும் இல்லை. பெரிய விலை, இழந்த நாட்கூலிதான். கட்டணமில்லாத அரச கோர்ஸ் என்றாலும் 190,000 போகிறது.

வருமானப் பக்கம் பார்ப்போம். கையாள் வேலையை விட மாதம் 15,000 ரூபா கூடுதலாக உழைத்தால் 250,000 திரும்பிவர ஏறத்தாழ 17 மாதம். கூடுதல் 5,000 மட்டும்தான் என்றால் 50 மாதம், அதாவது நான்கு வருடத்துக்கும் மேல்.

இங்கேதான் வரலாறு உதவுகிறது. வால்வு ரேடியோ அறிவு பல தசாப்தம் சோறு போட்டது. கண்ணாடிக் குழாய் ரீவியும் நீண்ட காலம் போட்டது. வீசீடீ, டீவீடீ பிளேயர்கள் வந்த வேகத்திலேயே போய்விட்டன. இன்றைய போனில் சில கம்பனிகள் திரையையும் பெட்டரியையும் அந்த ஒரு போனுக்கே மென்பொருளால் பூட்டி வைக்கின்றன. வேறு திரை போட்டால் சில வசதிகள் வேலை செய்யாது. ஆகவே நான்கு வருடம் எடுத்துக் காசு திரும்பும் கோர்ஸ் வெறுமனே "இந்த மொடலுக்கு இப்படித் திரை மாற்று" என்று மட்டும் கற்பித்தால், காசு திரும்புமுன் அந்த வேலையே மாறிவிடும். மீற்றரால் அளந்து, சேர்கிட் வரைபடம் வாசித்து, பழுது எங்கே என்று தேடப் பழக்கும் கோர்ஸ் என்றால் அந்த அறிவு அடுத்த சாதனத்துக்கும் போகும்.

தேவை இல்லாமல் போகாது. 2022இல் டொலர் சில மாதங்களில் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது புதுப் போன் பலருக்கு எட்டாமல் போனது. 70களைப் போல மீண்டும் திருத்திப் பாவிக்கும் காலம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் கூட 2024இல் திருத்தும் உரிமைக்குச் சட்டம் செய்திருக்கிறது.

சான்றிதழ் எங்கே பெறுமதி தரும்? ஊர்க்கடையில் போன் கொண்டுவரும் வாடிக்கையாளர் சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்ப்பதில்லை, வேலையைத்தான் பார்ப்பார். கம்பனி வேலைக்கும் வெளிநாட்டுக்கும் மேற்படிப்புக்கும் போகும்போதுதான் கடதாசி பேசும். அங்கேயும் ஆணைக்குழுவில் பதிவான நிறுவனத்தின் என்.வி.கியூ என்றால்தான் அரசாங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறது. சும்மா அச்சடித்த சான்றிதழுக்கு அந்தப் பலம் கிடையாது.

கடையில் பல வருடம் வேலை செய்த தம்பிமாருக்கு ஒரு நல்ல செய்தி. மீண்டும் வகுப்பில் உட்காராமல், தெரிந்த வேலையைச் செய்துகாட்டி என்.வி.கியூ பெறும் "முன்கற்றலை அங்கீகரித்தல்" என்ற வழி இருக்கிறது. நைட்டாவில் கேளுங்கள். அவர்கள் இழக்கும் நாட்கூலி மிகக் குறைவு, கிடைப்பது அதே தகைமை.

ஆகவே பெற்றோரே, காசு கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. நிறுவனமும் இந்தக் கோர்ஸும் ஆணைக்குழுவில் பதிவா? என்.வி.கியூ எத்தனையாம் மட்டம்?
2. பிள்ளை தன் கையால் எத்தனை மணித்தியாலம் வேலை செய்வான்?
3. போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இரண்டு பேரை நேரில் சந்திக்கலாமா?
4. நமது ஊரில் ஏற்கனவே எத்தனை கடை?

பதில் மழுப்பலாக வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். உம்மாவின் நகையை அடகு வைத்தோ வட்டிக்கு எடுத்தோ கட்டவேண்டாம். மேலே போட்ட கணக்கில் வட்டியும் சேர்ந்தால் அது திரும்பிவர இன்னும் நீண்ட காலம் எடுக்கும். முதலில் சம்மாந்துறை, அக்கரைப்பற்று தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விசாரியுங்கள். பிள்ளைக்கு உண்மையில் இந்த வேலையில் கை ஓடுகிறதா என்று ஒரு கடையில் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள்.

கையால் உழைத்துச் சாப்பிடுவதைச் சிறந்த உணவு என்று மார்க்கம் சொல்கிறது. அந்த உழைப்புக்குப் பிள்ளையை அனுப்பும்போது கணக்குப் பார்த்து அனுப்புவது நமது பொறுப்பு. இந்த வருடம் பெறுபேறு எடுத்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்பிவிடுங்கள். அல்லாஹ் அவர்களின் உழைப்பில் பரக்கத் செய்வானாக.