தாத்தா பாட்டி கையில் போட்ட ஊசி

காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூர்னு சொன்னா, வரலாறு பிடிச்சவங்களுக்குப் போர்தான் ஞாபகம் வரும். பல்லவ மகேந்திரவர்மன் எதிரிகளை வென்ற களம். 1780-ல கர்னல் பெய்லியோட படையைத் திப்பு தோற்கடிச்ச களமும் அதுதான். ஆனா இன்னைக்கு நாம பேசப்போறது ரத்தம் சிந்தாத ஒரு வரலாறு.

1968-ல புள்ளலூரும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துலதான் இருந்தது. அதே மாவட்டத்துல, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள்ல, காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு பெரிய ஆய்வு தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்துச்சு, உலக சுகாதார நிறுவனமும் கைகொடுத்தது. 1971 வரைக்கும் சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போட்டாங்க. ஒரு பகுதியினருக்குப் போனது மருந்தே இல்லாத ஊசி. அப்போதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இதுல கவனிக்க வேண்டியது வயசு. ஒரு மாசக் குழந்தைக்கு மேல எல்லா வயசுக்காரங்களும் சேரலாம். "தாத்தா, நீங்க ஒதுங்கிக்கோங்க"ன்னு யாரும் சொல்லல. அது சரியான முடிவு. ஏன்னா, வயசு ஏற ஏற காசநோயும் அதிகமாகும்.

பதினஞ்சு வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. முடிவு ஏமாற்றம்தான். பெரியவங்களுக்கு நுரையீரல் காசநோய் வராம தடுக்க பிசிஜி உதவல. ஆனா அந்தப் பதில் பொன்னானது. குழந்தைகளுக்கு வர்ற மூளைக் காசநோய் மாதிரியான கடுமையான வகைகளைத் தடுக்க பிசிஜி உதவும், ஆனா பெரியவங்களுக்கு வேற வழி தேடணும்னு இந்த ஆய்வுல தெளிவாச்சு.

அப்புறம் 2020. கொரோனா வந்ததும் அதே பிசிஜி திரும்ப மேடை ஏறுச்சு. சென்னையில இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 60-லிருந்து 80 வயசு வரை உள்ளவங்களுக்கு அதைப் போட்டுப் பார்த்தது. ஊசி போட்டவங்க ரத்தத்துல அழற்சியைக் காட்டுற பல பொருட்கள் குறைஞ்சிருந்தது. கொரோனாவே வராதுன்னு இது நிரூபிக்கல. ஆனா முதியவங்க உடம்பு எப்படிப் பதில் சொல்லுதுன்னு அவங்க கிட்டயே கேட்டாங்க பாருங்க, அதுதான் முக்கியம்.

பல ஆய்வுகள்ல இது நடக்கறதில்ல. சுகர், பிரஷர், நாலஞ்சு மாத்திரை, மெதுவா வேலை செய்யுற சிறுநீரகம்னு காரணம் சொல்லி முதியவங்களை விட்டுடறாங்க. கடைசியில அந்த மருந்தை அதிகமா சாப்பிடப்போறது யாரு? அவங்கதானே! முதியவங்களை ஆய்வுல சேர்க்கணும்னு 1993-லயே சர்வதேச வழிகாட்டுதல் வந்தாச்சு.

சேர்க்கறதுன்னா கையெழுத்து வாங்கிட்டுப் போறது இல்ல. படிக்கத் தெரியாதவங்களா இருந்தா, சார்பில்லாத ஒரு சாட்சி முன்னாடி விளக்கிச் சொல்லணும்னு 2017 ஐசிஎம்ஆர் நெறிமுறை சொல்லுது. வேண்டாம்னு சொல்லவும் அவங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த தடவை ஊருக்குப் போனா, பாட்டியோட மாத்திரை டப்பாவை எடுத்துப் பாருங்க. அதுல இருக்கிற ஒவ்வொரு மருந்தையும் அவங்க வயசுக்காரங்க கிட்ட சோதிச்சாங்களான்னு டாக்டர் கிட்ட ஒரு கேள்வி கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.