யூரியா தயாரிப்பும் பையூரெட்டும்: இலைவழித் தெளிப்புக்கு முன் கவனிக்க வேண்டியவை

யூரியா தெளித்த சில நாட்களில் எலுமிச்சை இலைகளின் நுனி மஞ்சளானால், தழைச்சத்து போதவில்லை என்று நினைத்துப் பலர் மறுபடியும் யூரியாவே தெளிக்கிறார்கள். பல நேரங்களில் அந்த மஞ்சளுக்குக் காரணம் யூரியாவில் கலந்திருக்கும் பையூரெட் என்ற பொருள்தான். இது எங்கிருந்து வருகிறது என்று புரிய, யூரியா தயாராகும் விதம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு

உயிரினங்களின் சிறுநீரிலிருந்துதான் யூரியா கிடைக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1828-ல் ஜெர்மானிய வேதியியலர் பிரெட்ரிக் வோலர், அம்மோனியம் சயனேட் என்ற உப்பிலிருந்து ஆய்வகத்திலேயே யூரியாவை உருவாக்கினார். ஆனால் உரமாக டன் கணக்கில் தயாரிக்க அந்த வழி கட்டுப்படியாகாது.

இன்றைய ஆலைகள் 1922-ல் கார்ல் போஷ், வில்ஹெல்ம் மைசர் ஆகியோர் உருவாக்கிய முறையின் அடிப்படையில் இயங்குகின்றன. அதன் படிகள்:

1. காற்றிலுள்ள நைட்ரஜனையும், இயற்கை எரிவாயுவிலிருந்து பெறும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா தயாரிக்கப்படுகிறது. ஹைட்ரஜன் தயாரிக்கும்போது கரியமில வாயுவும் கிடைக்கிறது.
2. அம்மோனியாவும் கரியமில வாயுவும் அதிக அழுத்தத்தில், சுமார் 180 முதல் 190 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இணைந்து அம்மோனியம் கார்பமேட் ஆகின்றன. அது நீரை இழந்து யூரியாவாகிறது.
3. யூரியா கரைசலைச் சூடாக்கி நீரை நீக்குகிறார்கள். உருகிய யூரியாவை உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து துளிகளாக விழச் செய்கிறார்கள். எதிரே வரும் காற்றில் குளிர்ந்து அவை குருணைகளாகின்றன.

பையூரெட் பெரும்பாலும் மூன்றாவது படியில்தான் உருவாகிறது. யூரியா சுமார் 133 டிகிரியில் உருகும். உருகிய நிலையில் சூடு நீடித்தால், இரண்டு யூரியா மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு ஓர் அம்மோனியா மூலக்கூறை வெளியேற்றும். மிஞ்சுவதே பையூரெட். நம் ஊர் வெயிலில் கிடங்கில் இருக்கும் மூட்டையில் இது புதிதாக உருவாகாது. கட்டிப்பட்ட யூரியா ஈரம் பட்டது. பையூரெட் கூடியது அல்ல.

எவ்வளவு இருக்கலாம்?

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி சாதாரண யூரியாவில் பையூரெட் 1.5 சதவீதம் வரை இருக்கலாம். 10 லிட்டர் டேங்கில் 200 கிராம் யூரியா கரைத்தால் (2 சதவீதக் கரைசல்), அதில் 3 கிராம் வரை பையூரெட் சேரும். மேலுரமாக மண்ணில் இடும்போது பெரும்பாலான பயிர்களுக்கு இதனால் பாதிப்பில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்லச் சிதைத்துவிடும். இலைக்குள் போன பையூரெட் எளிதில் சிதைவதில்லை. தொடர்ந்து தெளித்தால் சேர்ந்துகொண்டே போகும்.

எப்படி அடையாளம் காண்பது?

- தழைச்சத்துக் குறைபாடு: அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் சீராக வெளிறும். யூரியா கொடுத்தால் பச்சை திரும்பும்.
- பையூரெட் பாதிப்பு: தெளிப்பு பட்ட இலைகளின் நுனியில் மஞ்சள் தொடங்கிப் பரவும். அந்த இலைகள் மறுபடி பச்சையாவது அரிது. பின்னர் வரும் புதுத் துளிர்கள் இயல்பாக இருக்கும்.
- கரைசல் அடர்த்தியால் வரும் கருகல்: ஓரிரு நாளில் இலை ஓரங்கள் பழுப்பாகிக் காயும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

- எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி போன்றவை பையூரெட்டை எளிதில் தாங்காது. இவற்றுக்குத் தெளிக்க, பையூரெட் குறைந்த யூரியா என்று குறிப்பிட்டு விற்கப்படுவதையே கேட்டு வாங்குங்கள்.
- நெல்லுக்கு 1 சதவீதக் கரைசல் (10 லிட்டருக்கு 100 கிராம்) போதும். அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் எடை போடுங்கள்.
- வேப்ப எண்ணெய் பூச்சு பையூரெட்டைக் குறைக்காது. பூச்சுள்ள யூரியாவைக் கரைத்தபின் துணியில் வடிகட்டினால் நாசில் அடைக்காது.
- காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். உச்சி வெயில் வேண்டாம்.
- விதைப்பின்போது யூரியாவை விதையோடு ஒட்டி இடாதீர்கள். அதிலிருந்து வெளிப்படும் அம்மோனியாவும் பையூரெட்டும் முளைப்பைக் கெடுக்கும்.
- மஞ்சள் தெரிந்தால் அடுத்த தெளிப்பை நிறுத்திவிட்டு, புதுத் துளிர் எப்படி வருகிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் இலைகளோடு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள்.