பேதி மருந்து பலகாரமான கதை

நாட்டு மருந்துக் கடையில் ‘ரேவல்சின்னி’ என்று கேட்டால், மஞ்சளும் பழுப்புமாகக் காய்ந்துபோன ஒரு கிழங்குத் துண்டை எடுத்துக் கொடுப்பார்கள். மலச்சிக்கலுக்கான மருந்து. பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. ‘ரேவந்த்’ என்பது செடி, ‘சீனி’ என்றால் சீனத்தது. நாம் காப்பியில் போடுகிற சீனிக்கும் அதே சீனம்தான் மூலம் என்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை இந்தக் கதையில் திரும்ப வரும்.

இதே இனத்துச் செடி ஒன்றை இங்கிலாந்தில் ரூபார்ப் என்று சொல்லி வீட்டுக் கொல்லையில் வளர்க்கிறார்கள். அங்கே கிழங்கை யாரும் சீண்டுவதில்லை. சிவந்த தண்டைப் பறித்து, சர்க்கரை கொட்டி வேகவைத்து, மாவில் பொதிந்து சுட்டு ‘பை’ செய்கிறார்கள். (சாக்குப் பை இல்லை, தின்கிற பை.) பேதி மருந்து எப்படி விருந்துக்கு வந்தது என்று தேடிப் படித்தபோது சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

முதலில் கிழங்கு. சீனர்களுக்கு இது ‘பெரிய மஞ்சள்’. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் மருந்துப் பெட்டியில் இருந்த சரக்கு. டாங்குட் நாட்டு மலைகளில் இது விளைவதையும் வணிகர்கள் வந்து வாங்கிப் போவதையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் அன்றைய வைத்தியம் பெரும்பாலும் வயிற்றைச் சுத்தம் செய்வதுதான், ஆகவே இதற்குக் கிராக்கி. 1727இல் ரஷ்யாவும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கியாக்தா என்ற எல்லை ஊர் வழியாக வணிகம் நடந்தது. அங்கே ரஷ்ய அதிகாரிகள் ஒவ்வொரு கிழங்காகச் சோதித்து, சொத்தையைக் கழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். லண்டன் மருந்துக் கடையில் ஒரே சரக்கு வந்த வழியைப் பொறுத்துத் துருக்கி ரூபார்ப், ரஷ்ய ரூபார்ப், கிழக்கிந்திய ரூபார்ப் என்று வேறு வேறு பெயரில், வேறு வேறு விலையில் விற்றது. ‘டெல்லி அப்பளப்பூ’ மாதிரி, பெயரில் இருந்த ஊருக்கும் விளைந்த ஊருக்கும் சம்பந்தம் கிடையாது!

1839இல் அபினி வணிகத்தை நிறுத்தச் சொல்லி விக்டோரியா ராணிக்கு லின் ஸெஷு என்ற சீன அதிகாரி எழுதிய கடிதம் பிரசித்தம். தேயிலையும் ரூபார்பும் இல்லாமல் வெளிநாட்டார் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்பது அதில் ஒரு வாதம். இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் கியாக்தாவில் குவிந்த மூட்டைகளை நினைத்தால், அவர் அப்படி நம்பியதில் ஒன்றும் ஆச்சரியம் இல்லை.

இவ்வளவு காசு கொடுத்து வாங்குவானேன், நாமே பயிர் செய்தால் என்ன என்று பிரிட்டிஷ்காரர்களுக்குத் தோன்றியது. ரஷ்ய அரசவையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மௌன்ஸி என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1760களின் தொடக்கத்தில் ஊர் திரும்பும்போது விதை கொண்டுவந்தார். எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் ஜான் ஹோப் அதை வளர்த்துக் காட்டினார். லண்டனில் கலைக் கழகம் ரூபார்ப் பயிரிட்டவர்களுக்குப் பதக்கமே கொடுத்தது. ஆனாலும் சரிப்பட்டு வரவில்லை. கிழங்கு முற்றப் பல வருடம் ஆகும். விதை போட்டால் பக்கத்துச் செடியோடு கலந்து வேறு ஏதோ முளைக்கும். இங்கிலாந்துக் கிழங்குக்குச் சீனக் கிழங்கின் வீரியம் இல்லை என்று மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். தோட்டங்களில் மிஞ்சியது பலவகை ரூபார்பும் அவற்றின் கலப்பும்தான்.

அந்தத் தண்டைத்தான் யாரோ வாயில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுக்கான் கீரைக்குப் பங்காளிச் செடி இது, புளிப்புக்குக் கேட்கவா வேண்டும்? தனியாகத் தின்ன முடியாது. கை நிறையச் சர்க்கரை போட்டால்தான் தொண்டையில் இறங்கும். என்னைப் பொறுத்தவரை கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ரூபார்ப் ஏழை வீட்டுப் பலகாரம் ஆனதற்குக் காரணம் செடி இல்லை, சர்க்கரை மலிந்தது. முதலில் கரீபியன் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பு. அடிமைமுறை ஒழிந்தபின் மொரீஷியஸ் போன்ற இடங்களில் ஒப்பந்தக் கூலிகள் வெட்டிய கரும்பு, அதில் நம் தமிழ் ஜனங்களின் வேர்வையும் உண்டு. 1874இல் பிரிட்டன் சர்க்கரை வரியையே எடுத்துவிட்டது. ரூபார்ப் வரலாறு எழுதுகிறவர்கள் தோட்டக்காரர்கள் பெயரை வரிசையாகச் சொல்கிறார்கள், கரும்பு வெட்டியவர்களுக்கு ஒரு வரி ஒதுக்குவதோடு சரி.

அந்தத் தோட்டக்காரர்களில் முக்கியமானவர் லண்டன் பக்கம் டெப்ட்ஃபோர்டில் இருந்த ஜோசப் மையட். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சந்தைக்கு அனுப்பிய சில கட்டுகளே முழுதாக விற்கவில்லை, ‘மருந்துப் பை’ என்று ஜனங்கள் கேலி செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. மனிதர் விடவில்லை. 1837இல், ராணி பட்டத்துக்கு வந்த வருடம், அவர் கொண்டுவந்த ‘விக்டோரியா’ ரகம் இன்றும் கொல்லைகளில் இருக்கிறது.

இன்னொரு திருப்பம் தற்செயலாக வந்தது. 1810களில் செல்சி மருந்துத் தோட்டத்தில் பள்ளம் தோண்டியவர்கள் ரூபார்ப் வேர்கள்மேல் மண்ணைக் கொட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து மண்ணை விலக்கினால், வெளிச்சம் படாத தண்டுகள் இளசாக, சிவப்பாக, புளிப்புக் குறைந்து நின்றன. அன்றிலிருந்து குளிர்கால முடிவில் செடிமேல் பானையைக் கவிழ்ப்பது வழக்கமானது. பானை இல்லாதவர் ஓட்டை வாளியைக் கவிழ்ப்பார். யார்க்‌ஷயரில் இதையே தொழிலாக்கினார்கள். செடியை இரண்டு வருடம் வயலில் விட்டு, பனி பட்டதும் பெயர்த்து, நிலக்கரியால் சூடேற்றிய இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பறித்தார்கள். உரத்துக்குக் கம்பளி ஆலைக் கழிவு. லண்டனுக்குத் தனி ரயிலே ஓடியது.

வீட்டுத் தோட்ட முறை எளிமையானது. விதையைவிட வேரைப் பிரித்து நடுவதுதான் நல்லது, அப்போதுதான் ரகம் மாறாது. தொழுவுரம் தாராளமாக வேண்டும். முதல் வருடம் ஒரு தண்டுகூடப் பறிக்கக் கூடாது. பூத்தண்டு வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். பறிக்கும்போது கத்தி வேண்டாம், அடியில் பிடித்து லேசாக முறுக்கி இழுத்தால் வந்துவிடும். கோடை நடுவில் பறிப்பதை நிறுத்தி, செடியை வேருக்குச் சேமிக்க விட வேண்டும். நல்ல குளிர்காலம் இல்லாவிட்டால் அது சரியாகத் துளிர்க்காது, ஆகவே சென்னையில் முயற்சி செய்ய வேண்டாம். சமையலில் இஞ்சி நல்ல ஜோடி. அலுமினியப் பாத்திரம் மட்டும் ஆகாது, புளிப்பு அரித்துவிடும்.

கடைசியாக இலை. முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க, பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு வந்தது. கொல்லையில் இவ்வளவு பெரிய இலை வீணாகிறதே, கீரையாகச் சமைக்கலாமே என்று ஜனங்களுக்கு யோசனை சொன்னார்கள். நம்பிச் சாப்பிட்டவர்களுக்கு விஷமானது, சாவும் நேர்ந்தது. இலையில் இருக்கும் ஆக்ஸாலிக் அமிலம்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. ஆனால் கணக்குப் போட்டால், அது மட்டும் ஆளைக் கொல்ல ஒருவர் கிலோக்கணக்கில் இலை தின்ன வேண்டும். அதனால் ஆந்த்ராகுவினோன் வகைப் பொருள்களுக்கும் பங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. கிழங்கைப் பேதி மருந்தாக்குவதும் அதே வகைப் பொருள்கள்தான். இப்போது வீடுகளில் தண்டைப் பறித்த இடத்திலேயே இலையை வெட்டிக் குப்பை உரக் குழியில் போட்டுவிடுகிறார்கள். மட்கிய பிறகு அதனால் கெடுதல் இல்லை, அடுத்த வருடம் அந்தச் செடிக்கே உரமாகப் போடலாம்.