உட்கார ஒரு நாற்காலி: 300 ஆண்டுக் கதை



அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் "மெயின் கேட் செக்யூரிட்டி அறை புதுப்பித்தல்" என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டைல்ஸ் என்ன நிறம், சிசிடிவி திரை எத்தனை இன்ச், கண்ணாடி வெளியிலிருந்து தெரியலாமா கூடாதா என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அறையில் 12 மணி நேரம் இருக்கப்போகிறவர் எதில் உட்காருவார், உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கு கேட் தெரியுமா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கை தூக்குவதற்கு முன், வேலை செய்கிறவரின் உடம்புக்கு ஏற்ப வேலையிடத்தை அமைப்பது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். இதை ஆங்கிலத்தில் எர்கனாமிக்ஸ் என்றும் தமிழில் பணிச்சூழலியல் என்றும் சொல்கிறார்கள். ஐ.டி. கம்பெனி நாற்காலி விளம்பரத்தில் வரும் சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கதை அதைவிட ரொம்பப் பழையது.

கழிவுத் தொட்டியில் தொடங்கிய கேள்வி

இத்தாலியின் மோதெனா நகரில் பெர்னார்தினோ ரமாஸினி என்றொரு மருத்துவர் இருந்தார். அவர் வீட்டுக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒரு தொழிலாளி வந்தார். அந்த மனிதர் தலை தெறிக்க அவசரமாக வேலை செய்வதைப் பார்த்து, ஏன் இப்படி என்று மருத்துவர் கேட்டார். உள்ளே அதிக நேரம் இருந்தால் கண் போய்விடும் என்ற பதில் வந்தது. ரமாஸினி அதோடு விடவில்லை. பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் போய்ப் பார்த்தார். 1700ஆம் ஆண்டில், 40க்கும் மேற்பட்ட தொழில்களில் வரும் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டார்.

நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் காலில் நரம்பு புடைப்பதையும், நாள் முழுக்க உட்கார்ந்து தைப்பவர்களுக்கு முதுகு வளைவதையும் அவர் எழுதினார். கணக்கு எழுதுகிறவர்களின் கை மரத்துப்போவதற்கு மூன்று காரணங்கள் சொன்னார்: இடைவிடாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே திசையில் ஓயாமல் அசைவது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். இன்றைக்கு லேப்டாப் முன்னால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது அப்படியே பொருந்தும். நோயாளியிடம் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்க வேண்டும் என்பதை வழக்கமாக்கியவர் அவர்தான்.

பெயரும் முதல் சட்டமும்

கிரேக்க மொழியில் 'எர்கோன்' என்றால் வேலை, 'நோமோஸ்' என்றால் விதி. இரண்டையும் சேர்த்து 'எர்கனாமிக்ஸ்' என்ற பெயரை 1857இல் உருவாக்கியவர் போலந்து அறிஞர் வோய்ச்சேக் யஸ்த்ஷெம்போவ்ஸ்கி. போலிஷ் மொழியில் எழுதியதால் வெளியுலகம் கவனிக்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து, 1949இல், பிரிட்டனில் கே.எஃப்.எச். மரல் அதே சொல்லை மறுபடி உருவாக்கிப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

பெயர் பரவுவதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. 1899இல் பிரிட்டன் நாடாளுமன்றம் கடை ஊழியர்களுக்கான இருக்கைச் சட்டத்தை நிறைவேற்றியது. கடையில் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேருக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மூன்று பேருக்கு ஒரு ஸ்டூல்! அதைப் பெறுவதற்கே ஒரு நாட்டின் நாடாளுமன்றம் கூட வேண்டியிருந்தது.

மண்வெட்டியும் செங்கல்லும்

அமெரிக்காவில் இந்த எண்ணம் வேறு வாசல் வழியாக வந்தது. ஃபிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் பெத்லஹெம் எஃகு ஆலையில், ஒருவர் நாள் முழுக்கச் சளைக்காமல் அள்ள ஒரு வீச்சுக்கு எவ்வளவு எடை சரி என்று கணக்கெடுத்தார். சுமார் 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ என்று விடை வந்தது. கனமான தாதுவுக்குச் சின்ன மண்வெட்டி, லேசான சாம்பலுக்குப் பெரிய மண்வெட்டி என்று மாற்றிக் கொடுத்தார். பலன் என்ன தெரியுமா? 400 முதல் 600 பேர் செய்த வேலைக்கு 140 பேர் போதும் என்றாகிவிட்டது. இருந்தவர்களுக்குக் கூலி கூடியது. மற்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை. இந்தக் கதையில் வசதியும் வேகமும் எப்போதும் கைகோத்து வரவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதே காலத்தில் ஃபிராங்க் கில்பிரெத், கொத்தனார்கள் ஒவ்வொரு செங்கல்லுக்கும் தரை வரை குனிந்து நிமிர்வதைக் கவனித்தார். சுவர் உயர உயரத் தானும் உயரும் சாரத்தை அமைத்து, செங்கல்லையும் கலவையையும் இடுப்பு உயரத்தில் வைத்தார். ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள் வேண்டியிருந்தது ஐந்தாகக் குறைந்தது. ஒருவர் மணிக்கு 120 செங்கல் வைத்தது 350 ஆனது. இங்கே முதுகுக்கும் நன்மை, வேலைக்கும் நன்மை.

உங்கள் சமையலறைக்குள் வந்த கதை

1924இல் ஃபிராங்க் காலமானார். மனைவி லில்லியன், 12 பிள்ளைகள் பெற்றவர், அவரும் இதே துறை வல்லுநர். ஒரு பெண்ணிடம் தொழிற்சாலையை ஒப்படைக்க நிறுவனங்கள் தயங்கியதால் அவர் கவனம் சமையலறைப் பக்கம் திரும்பியது. அடுப்பும் தொட்டியும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டறிந்தார். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டிக்கும், ஃபிரிட்ஜ் கதவின் உள்பக்கத் தட்டுகளுக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஜெர்மனியில் 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சியின் அடுக்குமாடிகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறைதான் அவருக்கு முன்மாதிரிகளில் ஒன்று. எட்டினால் எல்லாம் கையில் கிடைக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து காய் நறுக்கச் சுழலும் ஸ்டூல் உண்டு. சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. நம் ஃபிளாட்டுகளின் குறுகலான சமையலறையும் நீளமான மேடையும் அந்த வம்சத்தில் வந்தவைதான். ஆனால் அந்த ஸ்டூலை மட்டும் வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டோம். உங்கள் வீட்டில் சமைக்க ஒரு அக்கா வருகிறார் என்றால், அவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று ஒருநாள் பாருங்கள்.

மேடை உயரம் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நேராக நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் குறைவான உயரம் நறுக்குவதற்கும் பிசைவதற்கும் பொருந்தும். யார் அதிகம் நிற்கிறாரோ அவருடைய முழங்கையை அளப்பது முக்கியம்.

"சராசரி மனிதர்" எங்கே?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள், தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே சக்கரம் மடங்கி விழுந்தன. விமானியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். 1943இல் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் போய்ப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் விசையும் இறக்கை மடலை இயக்கும் விசையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. ஒன்றின் முனையில் சக்கர வடிவமும் மற்றதில் ஆப்பு வடிவமும் பொருத்தச் சொன்னார். கை தடவினாலே வித்தியாசம் தெரிந்தது. அந்தத் தவறு அடியோடு குறைந்தது.

அடுத்து, கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் 1950களின் தொடக்கத்தில் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை ஆராய்ந்தார். உயரம், மார்பு, கை நீளம் என்று 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை! சராசரி ஆளுக்கென்று செய்த இருக்கை யாருக்கும் பொருந்தாது என்று புரிந்தது. ஏற்றி இறக்கக்கூடிய இருக்கைகள் வந்தன. நம் செக்யூரிட்டி அறையில் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், விடுப்புக்கு மாற்று ஆள் என்று மூன்று உடம்புகள் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காருகின்றன. அசையாத பிளாஸ்டிக் நாற்காலி மூவரில் எத்தனை பேருக்குப் பொருந்தும்?

உட்கார வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் இல்லை. 1953இல் லண்டனில் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ், மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உட்காரவும் வேண்டும், எழுந்து நடக்கவும் வேண்டும். எப்போது எது என்பதை வேலை செய்கிறவரே முடிவு செய்ய இடம் வேண்டும்.

நம் ஊர்ச் சட்டம்

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு ஓய்வு கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்றது. கடைகளில் நிற்பவர்களுக்கு அப்படி ஒன்று வர இன்னும் 70 ஆண்டுகள் ஆயின. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளியான விஜி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் மூலம் கடைப் பெண்களைத் திரட்டிப் போராடினார். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாடு அடுத்து வந்தது. 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அது. தி.நகர் துணிக்கடையில் நமக்குப் புடவை விரித்துக் காட்டும் பெண்ணின் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று அடுத்த முறை பாருங்கள். நம் கேட்டில் நிற்பவரை உட்கார வைக்க எந்தப் பிரிவு பொருந்தும் என்று வக்கீலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவருக்கும் அதே கால்கள்தான்.

நம்மால் ஆகக்கூடியது

பொதுக்குழுவில் நீங்கள் ஆதரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்பவை இவை.

நாற்காலி: உயரம் ஏற்றி இறக்கக்கூடியது, முதுகுச் சாய்மானம் உள்ளது, கால் வைக்கக் கட்டை ஒன்றும் வேண்டும். உட்கார்ந்த நிலையிலேயே கேட் தெரியும்படி ஜன்னல் விளிம்பின் உயரம் அமைய வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல நாற்காலி போட்டாலும் அவர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

திரையும் ரிஜிஸ்டரும்: சிசிடிவி திரை முதுகுக்குப் பின்னால் சுவரில் இருக்கக் கூடாது, முன்னால், கண் மட்டத்தில் இருக்க வேண்டும். விசிட்டர் ரிஜிஸ்டர் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். ஏதாவது வண்டி தப்பிப் போனால் "தூங்கிவிட்டார்" என்று சொல்வதற்கு முன் பி-17 விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கேன்: அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1994இல் வெளியிட்ட கணக்கின்படி, எல்லாம் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கக்கூடிய எடை 23 கிலோ. கை தரை மட்டம் வரை போய் எடுக்க வேண்டியிருந்தால், அது ஒன்றினாலேயே வரம்பு 18 கிலோவுக்குக் கீழே இறங்கிவிடும். நம் 20 லிட்டர் கேனில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. ஒவ்வொரு பிளாக்கின் லிஃப்ட் பக்கத்திலும் ஒரு ட்ராலி வைத்தால் போதும். வீட்டிலும் கேனைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள்.

ஹவுஸ்கீப்பிங்: குனியாமல் துடைக்க மார்பு உயரம் வரும் கம்பு உள்ள மாப், பிழியும் வசதியுள்ள சக்கர வாளி, மதியம் உட்கார்ந்து சாப்பிட மின்விசிறியுள்ள ஓர் இடம்.

இவற்றுக்கு ஆகும் செலவை டைல்ஸ் பட்ஜெட்டோடு வைத்துப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன் இரண்டு ஷிஃப்ட் செக்யூரிட்டி அண்ணன்களையும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களையும் உட்கார வைத்து, எங்கே வலிக்கிறது, எது எட்டவில்லை, எது தெரியவில்லை என்று செயற்குழு கேட்க வேண்டும். ரமாஸினி செய்தது அவ்வளவுதான். அந்தக் கேள்விகளைக் கேட்க அரை மணி நேரம் போதும். அவர்கள் சொல்லும் பதிலைக் குறித்து வைத்துப் பொதுக்குழுவில் வாசிக்கட்டும். பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்.